பனியை நம்பி முன்பணம் செலுத்துமுன்

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது குல்மார்க். விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். குளிர்காலம் நெருங்கும்போது, அங்குச் சென்றுவர எவ்வளவு செலவாகும் என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. அதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: நாம் செல்லும் வாரத்தில் பனி இல்லையெனில் கட்டிய பணம் என்னவாகும்?

இது வீண் ஐயமன்று. 2024 ஜனவரியில் அம்மாத இறுதி நெருங்கும் வரை குல்மார்க்கில் பனி பெய்யவில்லை. வெண்மையை எதிர்பார்த்துச் சென்றோர் காய்ந்த புல்வெளியைக் கண்டு திரும்பினர். மாறாக, கடும் பனிப்பொழிவு நாள்களில் ஸ்ரீநகர் விமானங்கள் இரத்தாவதும் வழக்கமே. காஷ்மீர மக்கள் ‘சில்லை கலான்’ என்றழைக்கும் கடுங்குளிர்க் காலம் டிசம்பர் 21 முதல் 40 நாள்கள் நீடிக்கும். எனினும் சறுக்குவதற்கு வேண்டிய கனத்த பனி படிந்திருக்கும் வாய்ப்பு பிப்ரவரியில்தான் மிகுதி. புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், பனியோ உறுதியில்லை. அவ்வாரத்தைத் தவிர்ப்பதே நன்று என்பது எங்கள் கருத்து. கட்டணம் சற்றுக் கூடுதலானாலும், இரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையையே பதிவு செய்யலாம். திரும்பும் விமானத்துக்கு முன் ஸ்ரீநகரில் ஒரு நாளை ஓய்வாக வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

குல்மார்க்கின் கோண்டோலா இரு கட்டங்களாக இயங்குகிறது. முதற்கட்டம் கொங்தூரி வரையும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திலுள்ள அஃபர்வத் வரையும் செல்லும். பலத்த காற்றோ பனிச்சரிவு அபாயமோ இருப்பின் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவர். கூட்டமான நாள்களில் சீட்டு விரைவில் தீர்ந்துவிடுவதால் இணையத்தில் முன்னதாகவே பதிய வேண்டும். ஆயின், முதன்முறையாகச் சறுக்கக் கற்பவர்க்கு இவ்விரண்டுமே தேவையில்லை. அடிவாரத்துச் சிறு சரிவுகளே போதும். சறுக்குப் பலகை, காலணி, கைத்தடி எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பயிற்றுநர் கட்டணத்தை மட்டும் தொடங்குமுன் பேசி முடித்துவிட வேண்டும்.

செலவுக்குத் தனிநபர் கடன் பெறுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கடன் வழங்குவோரே இவ்வாறு கூறுவது விந்தையாகத் தோன்றலாம். எனினும் ஒரு வாரச் சுற்றுலாவுக்கு மூன்றாண்டுத் தவணை பொருந்தாது. மாதம் ரூ.5,000 வீதம் 12 மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால் ரூ.60,000-மும் வட்டியும் கைக்கு வரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வைப்பு முதிர்வது பயண மாதத்தில் அன்று, அக்டோபரிலோ நவம்பரிலோ இருக்கவேண்டும். விமானச் சீட்டுக்கும் அறைக்கும் பணம் கட்டவேண்டிய காலம் அதுவே.

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, பனிச்சறுக்கில் நேரும் காயத்தை ஏற்பதில்லை. முழங்கால் காயம் இவ்விளையாட்டில் அரிதன்று. ஆகவே பாலிசியில் ‘சாகச விளையாட்டு’ குறித்த விதிவிலக்கைப் படித்து, தேவையெனில் கூடுதல் பிரீமியம் செலுத்தி அதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரையிலான 13 கிலோமீட்டர் மலைச்சாலையில், பனி நாள்களில் சக்கரச் சங்கிலி பூட்டிய வண்டிகளே அனுமதிக்கப்படும். வண்டி மாற வேண்டியிருக்கும். அதற்கும் தனிச் செலவு உண்டு.

பலரும் அறியாதது ஒன்று. பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. போஸ்ட்பெய்ட் இணைப்பு மட்டுமே இயங்கும். வங்கிக் கணக்குடன் இணைந்த உங்கள் எண் ப்ரீபெய்டாக இருந்தால், அட்டைப் பரிவர்த்தனைக்குரிய ஓடிபி அங்கு வந்து சேராது. பனிப்பொழிவில் மின்சாரமும் இணையமும் தடைப்படுவதுமுண்டு. ஆகவே இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைக் குடும்பத்தினர் இருவர் பிரித்து வைத்துக்கொள்வது நலம். இணைப்பை போஸ்ட்பெய்டாக மாற்றும் பணியைப் பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எண் மாறாது என்பதால் வங்கியில் எதையும் புதுப்பிக்கத் தேவையில்லை.