வானம் தோண்டும் வேளையில்

தக்காணத்தில் குடியேறிய நம்மவர்க்குச் சொந்த வீடு என்பது வாழ்நாள் சேமிப்பாகும். அச்சேமிப்பு முதலில் இறங்குவது மண்ணுக்குள்தான். புணே, நாகபுரி வட்டாரங்களில் பல மனைகள் கரிசல் மண்ணே. கோவில்பட்டிப் பக்கத்தார் நன்கறிந்த மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற அஸ்திவாரத்தை அசைத்துச் சுவரையும் பிளந்துவிடும்.

கடப்பாரையும் மண்வெட்டியும் பல நாள் செய்த வேலையை, குறுகிய மனையிலும் நுழையும் சிறு பொக்லைன் இன்று ஓரிரு நாளில் முடித்துவிடுகிறது. ஆயினும் அதன் பற்கள் அடிமண்ணைக் கிளறித் தளர்த்திவிடும். ஆகவே கடைசி அரையடியைப் பல்லில்லாத வாளியாலோ கையாலோ சீவி எடுப்பதே நலம். பொறியாளர் குறித்த ஆழத்தைக் கடந்துவிட்டால், தோண்டிய மண்ணையே இட்டு நிரப்ப இசையாதீர்கள். சிமெண்டு குறைந்த கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள்.

மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்கலாகாது. 1.5 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பக்கங்களுக்கு முட்டுக்கொடுக்காமலோ சரிவாக வெட்டாமலோ ஆளை இறக்குவது கூடாது. ஒரு கனமீட்டர் மண் ஏறத்தாழ 1.5 டன் எடையுள்ளது. சரிந்தால் தப்புவது அரிது. குழியில் இறங்குபவரும் நம்மைப் போலப் பிழைப்பை நாடி வந்தவரே அல்லவா?

கான்கிரீட் இடுமுன் குழியருகே ஒருமுறை நின்று பாருங்கள். மூடியபின் பார்க்க இயலாது.