முன் ஷாக்கை நாமே சரிபார்க்கலாம்!

2023 டிசம்பர் வெள்ளத்துல நம்ம ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரோடெல்லாம் அரிச்சுப் போனது மறக்குமா? அப்படி ஒரு குழியில என் கியர் சைக்கிள் இறங்கினப்போ முன் ஷாக் 'டக்'குன்னு அடியில முட்டிச்சு. விழுந்துட்டேன். முழங்கையில ஆறு தையல்!

தப்பு என்னோடதுதான். மெத்துன்னு போகட்டும்னு ஷாக் மேல இருக்கிற குமிழை மைனஸ் பக்கம் திருகி வச்சிருந்தேன். நான் உட்கார்ந்ததுமே ஸ்பிரிங் பாதி அமுங்கிடுச்சு. குழிக்கு மீதி போதலை.

அளப்பது எப்படி? பளபளப்பான மேல்குழாயில், கீழே சீலை ஒட்டி ஒரு ரப்பர் பேண்டு கட்டுங்கள். நண்பன் சைக்கிளைப் பிடிக்க, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். சீலுக்கும் பேண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அமுக்கம். 80 மி.மீ. ஷாக் என்றால் 16 முதல் 20 மி.மீ. வரை சரி. கூடினால் பிளஸ் பக்கமும், குறைந்தால் மைனஸ் பக்கமும் திருப்புங்கள். இரண்டு காலிலும் குமிழ் இருந்தால் சமமாகத் திருப்பணும். முழுசாகத் திருப்பியும் அமுங்கினால் ஸ்பிரிங் மாற்றணும்; கடைக்குப் போங்கள்.

அரசு தர்ற சைக்கிள்ல ஷாக் கிடையாது. அதுல போறவங்க குழியைப் பார்த்தா முன்னாடியே பிரேக் பிடிங்க!