கணக்குக் காட்டினாரா?

தேர்தல் வருகிறதென்றால் நமது பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை பகல் உணவு வேளையில் ஒரு சிறிய சட்டசபையாக மாறிவிடும். சென்ற தடவை விவாதத்தை ஆரம்பித்து வைத்தவர் கணித ஆசிரியர். "குமாஸ்தாவுக்குப் பரீட்சை உண்டு, பஸ் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் உண்டு. நாட்டுக்குச் சட்டம் செய்ய வரும் அபேட்சகருக்கு மட்டும் 25 வயது ஆகியிருந்தால் போதுமோ?" என்று தயிர் சாதப் பாத்திரத்தின் மூடியைத் தட்டிக் கேட்டார்.

கல்வியை விற்றுப் பிழைக்கும் நமக்கும் அந்தக் கேள்வி இனிக்கத்தான் செய்தது. நம் சரக்குக்குக் கிராக்கி ஏற்பட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

இந்த ஆட்சேபம் அற்பமானதும் அன்று. 1949-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் பாபு ராஜேந்திர பிரசாத் தமது முடிவுரையில் இதையே சொல்லி வருந்தினார். சட்டத்தை நடத்துகிறவர்களிடம் உயர்ந்த யோக்யதையை எதிர்பார்க்கும் நாம், சட்டத்தை இயற்றுகிறவரிடம் தேர்தலில் ஜயித்ததைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லையே என்பது அவரது குறை. ஆனால் அத்துடன் அவர் நிறுத்தவில்லை. அறிவைக் காட்டிலும் குணமே முக்கியம் என்றும், குணத்தை அளப்பதற்குக் கோல் கிடையாது என்றும் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கோலைப் பள்ளிக்கூடத்தில் தேடியவர்கள் உண்டு. 2015-ல் ஹரியானா சர்க்கார் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பவர்களுக்குப் படிப்பைக் கட்டாயமாக்கியது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கு எட்டு, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் பஞ்சாயத்து அங்கத்தினராக நிற்பதற்கு ஐந்து. அந்த வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. படிகள் இறங்கிக்கொண்டே போவதைப் பாருங்கள்! யாருக்குப் பள்ளிக்கூடத்துக் கதவு அடைத்திருந்தது என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கதவை அடைத்தது ஊர்; தண்டனை வெளியே நின்றவளுக்கு. ராஜஸ்தானமும் இதுபோன்ற விதியை ஏற்படுத்தி, 2019-ல் அதை ரத்துச் செய்துவிட்டது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாக இருந்து ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்ததை நாம் எடுத்துச் சொன்னோம். "ஒரு காமராஜரைக் காட்டி ஊரிலுள்ள அத்தனை பேரையும் தேற்றிவிடலாமா, ஸார்?" என்றார் கணித ஆசிரியர். அதுவும் நியாயமே.

அப்போதுதான் நமக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வந்தது. மாணவர்களை ஒரு முறை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். காஞ்சீபுரத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு இருக்கின்றன. 919-ம் வருஷத்து விதிகள் 921-ல் திருத்தி எழுதப்பட்டன. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? நமது முன்னோர்கள் மனிதர்களை நன்றாக அறிந்திருந்தார்கள்!

அபேட்சகருக்கு வேண்டிய யோக்யதைகளையும் அந்தச் சுவர் சொல்கிறது. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் கட்டிய வீடு, வயது 35-க்கு மேல், 70-க்குள், வேத அறிவு. இதைப் படித்துப் பெருமை கொள்கிறவர்கள் ஒன்றை மறக்கலாகாது. அது நிலமுடைய பிராமணர்களின் சபை. நிலத்தை உழுதவனுக்கோ, எந்த வீட்டுப் பெண்ணுக்கோ அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இந்த நிபந்தனைகளெல்லாம் இன்று போய்விட்டன, போனது நல்லதே.

போகக் கூடாத ஒன்றும் அதே சுவரில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தான், சித்தி பெரியம்மை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன் - ஒருவர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது. குற்றம் செய்யாத மைத்துனனைத் தண்டிப்பது நியாயமா என்று இக்காலத்து வக்கீல்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆயினும், தான் நிற்க முடியாதபோது மைத்துனனை நிறுத்தும் வித்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நமது சட்டமும் கணக்குக் கேட்கிறது. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணமின்றித் தவறியவரைத் தேர்தல் கமிஷன் மூன்று வருஷம் விலக்கி வைக்கலாம். ஆனால் அது அபேட்சகர் தாம் ஜயிப்பதற்குச் செய்த செலவின் கணக்கு. உத்தரமேரூரார் கேட்டதோ ஊர்ப் பொறுப்பை வகித்ததற்கான கணக்கு. இரண்டும் ஒன்றல்ல. ராஜேந்திர பிரசாத் இல்லையென்று வருந்திய கோலுக்கு மிகவும் அருகில் வருவது இந்த இரண்டாவது கணக்கே என்பது நமது அபிப்பிராயம். அதைக் கேட்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. கிராமங்களில் ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. கணக்கு வாசிக்கும்போது காது கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்? வாசிப்பு முடிவதற்குள் காப்பிக்கு எழுந்து போகிறவர்களே அதிகம். நாமும் ஒரு முறை போயிருக்கிறோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கணித ஆசிரியர் மெதுவாக, "அது கிடக்கட்டும், ஸார். போன வருஷம் பிள்ளைகளை உத்தரமேரூருக்கு அழைத்துப் போனீர்களே, அந்த வசூலுக்குக் கணக்குக் கொடுத்தாயிற்றா?" என்றார்.

கொடுக்கவில்லை. பஸ் வாடகை ரசீது ஒன்று காணவில்லை. அதற்காகவே ஒத்திப்போட்டு வந்தோம், யாரும் கேட்கவுமில்லை. அன்று இரவு பெட்டியெல்லாம் கவிழ்த்துத் தேடினோம். வீட்டிலுள்ளவர்கள் என்னவோ ஏதோவென்று விழித்துக்கொண்டார்கள். கடைசியில் ரசீது, கல்வெட்டைப் பற்றிய புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டாக இருந்தது. மறுநாள் கூட்டிப் பார்த்ததில் 140 ரூபாய் மிச்சம். பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கணித ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, வரி வரியாகச் சரிபார்த்தார்.