தேனீக்கும் மறதி உண்டு

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. ‘வயதாகிவிட்டது, போன நினைவு போனதுதான்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தேனீக்களை ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

தேனீயின் மூளையில் இருப்பவை சுமார் பத்து இலட்சம் நரம்பணுக்களே. மனித மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடி. இந்தச் சிறு மூளை கற்கும் விதத்தை அறிய, பெர்லினில் ராண்டோல்ஃப் மென்செலும் அவரது குழுவினரும் எளிய முறையொன்றைக் கையாண்டனர். தலை மட்டும் வெளியே தெரியும்படி தேனீயைச் சிறு குழாயில் நிறுத்தி, ஒரு மணத்தை நுகரச் செய்து, உடனே சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைப்பார்கள். தேனீ நாக்கை நீட்டிக் குடிக்கும். அடுத்த முறை மணம் வந்தாலே நாக்கு நீளும்! ஆனால், ஒரே முறை கற்ற தேனீயை ஓரிரு நிமிடங்களுக்குள் பனிக்கட்டியில் குளிரவைத்தால், அந்த நினைவு பெரும்பாலும் அழிந்துவிடும். இடைவெளி விட்டு மூன்று முறை கற்றதோ, பல நாள்கள் நிற்கும்.

இனிப்புத் தராமல் மணத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால், தேனீ நாக்கை நீட்டுவதை நிறுத்திக்கொள்கிறது. மறந்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். மறுநாள் அதே மணம் வரும்போது, மீண்டும் நீட்டக்கூடும். பழைய பாடம் அழியவில்லை. ‘இனிப்பு வராது’ என்ற புதிய பாடம் அதன்மேல் அமர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

முதுமையில் வரும் இழப்பு வேறு வகை. இளம் தேனீக்கள் கூட்டுக்குள் புழுக்களைப் பேணும். இரண்டு மூன்று வாரங்களில் உணவு தேடி வெளியே புறப்படும். அதன்பின் இறகு தேய்கிறது, புதியவற்றைக் கற்கும் திறனும் குறைகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் குரோ ஆம்டம் குழுவினர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கூட்டிலிருந்த இளம் தேனீக்களை எல்லாம் அகற்றிவிட்டு, அரசியையும் புழுக்களையும் மட்டும் விட்டுவைத்தனர். வெளியே சென்று திரும்பிய மூத்த தேனீக்கள் சில நாள்கள் செயலற்றிருந்தன. பிறகு சில தேனீக்கள் புழுக்களுக்கு ஊட்டத் தொடங்கின. மற்றவை பழையபடி உணவு தேடப் பறந்தன. பத்து நாள்களில், பிள்ளை வளர்ப்புக்குத் திரும்பியவற்றுள் ஏறக்குறைய பாதித் தேனீக்களுக்குக் கற்கும் திறன் மீண்டிருந்தது. மூளையில் உயிரணுக்களைக் காக்கும் சில புரதங்களின் அளவும் மாறியிருந்தது.

தேனீ மனிதரல்ல, இதை நம் முதியோருக்கு அப்படியே மருந்தாக எழுதித்தர இயலாது. ஆனாலும், ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று பாட்டியின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் நமக்கு, அந்தப் பத்து நாள்கள் சற்று உறுத்தவே செய்கின்றன.