பின்பால் மெஷினில் ஒரு ஃபிளிப்பர் மட்டும் சோர்ந்தால்

1970களின் எலக்ட்ரோமெக்கானிக்கல் பின்பால் மெஷினுக்குள் சிப்பும் இல்லை, புரோகிராமும் இல்லை. ஸ்கோர் எவ்வளவு என்பது எண் உருளைகள் நின்ற இடத்தில் இருக்கிறது. எத்தனையாவது பந்து என்பது ஒரு ஸ்டெப்பர் நின்ற இடத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் ரிலேக்களும் ஏராளமான தகடு ஸ்விட்ச்களும்தான். அதனால் கோளாறு எங்கே என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், பொறுமை இருந்தால்.

என் மெஷினில் வலது ஃபிளிப்பர் சரியாக அடிக்கிறது. இடது அடித்தால் பந்து பாதி தூரம் போய்த் திரும்பி வருகிறது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இல்லை. ஃபிளிப்பர் வந்ததே 1947ல், காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான். பின்பாலைச் சூதாட்டம் என்று 1942ல் தடை செய்த நியூயார்க் நகரம், இது திறமையும் சேர்ந்த ஆட்டம் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்க 1976 ஆனது. ஃபிளிப்பர் சோர்ந்தால் ஆட்டம் மறுபடியும் வெறும் அதிர்ஷ்டம்தான்.

ரெண்டுமே சோர்ந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர், ஃபியூஸ் ஹோல்டர் என்று பொதுவான இடங்களில் தேடணும். ஒண்ணு மட்டும் என்றால் அந்தப் பக்கத்து காயில், அதன் ரெண்டு ஸ்விட்ச், உள்ளே ஓடும் இரும்புத் தண்டு, அவ்வளவுதான் சந்தேகப் பட்டியல்.

இதில் முக்கியமானது 'எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக்' ஸ்விட்ச். ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பிச் சுற்று உதைப்பதற்கு. மெல்லிய கம்பிச் சுற்று, பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஃபிளிப்பரைத் தாங்கி நிற்பதற்கு. என் மெஷினில் இரண்டும் தொடராக இணைந்திருக்கின்றன. ஃபிளிப்பர் ஓய்வில் இருக்கும்போது இந்த ஸ்விட்ச் மூடியிருந்து மெல்லிய சுற்றைத் தாண்டிவிடும், முழு கரண்ட்டும் தடித்த சுற்றுக்கே போகும். ஃபிளிப்பர் உச்சிக்கு வந்ததும் ஸ்விட்ச் திறக்கும், கரண்ட் இறங்கிவிடும். கான்டாக்ட் கருகிப்போனால் தொடக்கத்திலேயே மெல்லிய சுற்றும் குறுக்கே வந்து உதை செத்துவிடும். திறக்கவே இல்லையென்றால் இன்னும் மோசம், பட்டனைப் பிடித்தபடி நின்றால் காயில் எரிந்துபோகும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு விளையாட்டுப் பலகையைத் தூக்கி நிறுத்தினேன். (ஸ்விட்ச் ஆஃப் பண்ணினால் மட்டும் போதாது, பெட்டிக்குள் மெயின்ஸ் ஒயர் இருக்கு.) இடது கான்டாக்ட் குழி விழுந்து கறுத்திருந்தது. இது டங்ஸ்டன், காகிதத்தை வைத்துத் தேய்த்தால் அசையாது, சின்ன அரம் வேணும். மற்ற ரிலேக்களின் வெள்ளிக் கான்டாக்ட்களில் இந்த அரத்தை வைக்கக் கூடாது, மென்மையான உராய்வுப் பட்டையே போதும். பிறகு ஃபிளிப்பரைக் கையால் மேலே தள்ளி, முடிவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறக்கிற மாதிரி தகட்டை வளைத்தேன்.

உதை திரும்பியது, ஆனால் முழுசா இல்லை. தண்டை வெளியே எடுத்தால் நுனி காளான் மாதிரி விரிந்து ஸ்லீவில் உரசியிருக்கிறது. இங்கேதான் பலரும் எண்ணெய் விடுவார்கள். விடக் கூடாது, தூசியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும். விரிந்த நுனியை அரத்தால் ராவி, ஸ்லீவைப் புதுசாகப் போட்டேன். இப்போது பந்து உச்சி வரை போகிறது. வலது பக்கத்து ஸ்விட்சைத் தொடவில்லை, அது நன்றாகத்தானே வேலை செய்கிறது.