பந்தியா? பஃபேயா?

நடுவர் அவர்களே! பஃபேதான் சுதந்திரம்னு எதிரணி நண்பர் பேசிட்டுப் போனார். கை தட்டினீங்க. சுதந்திரம் யாருக்கு? அதுதான் என் கேள்வி.

சொகுசுக் கப்பலிலேயே இந்த வழக்கு உண்டுங்க. பழைய முறையில் ராத்திரிச் சாப்பாடு ரெண்டு பந்தி; தினமும் அதே மேஜை, அதே முகங்கள். 2000-ல் நார்வீஜியன் கம்பெனிக்காரன், "நேரமும் உங்க இஷ்டம், மேஜையும் உங்க இஷ்டம்" என்று மாற்றினான். அந்த மேஜையிலும் உட்கார வைத்துத்தானே பரிமாறுகிறான்!

நம்ம ஆட்டையாம்பட்டிக் கல்யாணத்துக்கு வாங்க. எங்க அப்பாயிக்கு முழங்கால் வலி. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் ஊன்றுகோல். ரசத்தை எந்தக் கையில் வாங்கும்? (கைதட்டல்) பந்தின்னா இலை தேடி வரும். "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"ன்னு கேட்க ஒரு ஆள் வரும்.

பந்தியில் குறை இல்லையா? இருக்கு. சாப்பிடுறவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோமே, அது அசிங்கம். அதைவிட அசிங்கம் சாதிக்கொரு பந்தி. ரயில்வே உணவு விடுதியிலேயே பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. போராடித்தான் 1941-ல் ஒழிந்தது. தடுப்பை எடுத்தார்கள், இலையை எடுக்கவில்லை.

ஆகவே நேரத்தைத் தளர்த்துங்க. பதினொன்றிலிருந்து ரெண்டு வரை பந்தி ஓடட்டும். பெரியவங்களுக்கு முதல் வரிசை. நம்ம ஊர் கைமுறுக்கை மட்டும் வாசலில் வையுங்க. அதை நின்னுக்கிட்டே கடிக்கலாம்! (சிரிப்பு)