புகுபதிகை ஓடும் அதனை மாற்றும் நெறியும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளர்க்கும் இடையே நின்றவர் கங்காணி. துரையின் ஆணை அவர் வாய்வழியே பெரட்டுக்களத்தை அடைந்தது. ஒரு கங்காணியை விட்டு மற்றொருவரிடம் செல்லுதல் அந்நாளில் எளிதன்று. முற்பணக் கடன் தொழிலாளரைப் பிணித்தது. கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாக எழுதப்பட்ட ‘துண்டு’ அக்கடனைத் தோட்டந்தோறும் தொடரச் செய்தது. 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இடைநிற்போரை மாற்றும் உரிமை எத்துணைப் பெரிது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

கணினியிலும் இடைநிற்பதொன்று உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையில் நினைவகத்தையும் வட்டையும் ஆள்வது ‘கரு’ எனப்படும். பயனர் கருவுடன் நேரே பேசுவதில்லை. அவர் தட்டச்சிடும் கட்டளையைப் பொருளுணர்ந்து, உரிய நிரலை இயக்குமாறு கருவை வேண்டுவது ‘ஓடு’. கருவைச் சூழ்ந்து நிற்றலின் அஃது இப்பெயர் பெற்றது. பயனர் உட்புகுந்தவுடன் தொடங்கும் ஓடே புகுபதிகை ஓடு.

ஓடு கருவின் உறுப்பன்று; பிற நிரல்களைப் போன்ற ஒரு நிரலேயாம். ஆதலின் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்தல் இயலும். தொம்சனின் ஓடு 1971இலும், ஸ்டீவன் போர்னின் ஓடு 1979இலும், பிரையன் பொக்ஸ் எழுதிய ‘பாஷ்’ 1989இலும் வெளிவந்தன. ஆப்பிள் நிறுவனம் 2019இல் தன் கணினிகளின் புதிய கணக்குகளுக்கு ‘பாஷ்’ ஓட்டிற்கு மாறாக ‘இசட்-ஷெல்’ ஓட்டை இயல்பாக்கியது. ஒரே கணினியில் இருவர் இருவேறு ஓடுகளைக் கொள்ளலாம்.

தோட்டத்துச் செக்ரோலில் ஆளுக்கொரு வரி இருப்பது போலக் கணினியின் பயனர் பதிவேட்டிலும் ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி உண்டு. முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்களுள் இறுதியானது ஓட்டின் இருப்பிடம். பொதுப் பயனர் அப்பதிவேட்டைத் தாமே திருத்தலாகாது. ‘சிஎச்எஸ்எச்’ என்னும் கட்டளை கடவுச்சொல்லைக் கேட்டறிந்து அப்புலத்தை மாற்றித் தரும். புதிய ஓடு, அனுமதிக்கப்பட்ட ஓடுகளின் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். மாற்றம் அடுத்த புகுபதிகையிலேயே பயன்தரும். வலையமைப்பின் மையப் பதிவேட்டில் கணக்கு இருப்பின், அதனை ஆள்வோரே மாற்றுதல் வேண்டும்.

நிருவாகிக்கு இப்பட்டியல் தடையன்று. ஆபத்தும் ஆண்டே உளது. இருப்பிடத்தில் ஓரெழுத்துப் பிழைப்பினும், இல்லாத நிரலொன்று ஓடாகப் பதிவாகும். கடவுச்சொல் சரியாயினும் அப்பயனர் உட்புக இயலாது. ஹட்டனிலிருந்து கொழும்பிலுள்ள கணினியை இயக்குவோர்க்கு இஃது இல்லத்தின் திறவுகோலை உள்ளே வைத்துக் கதவடைத்தமைக்கு ஒப்பாகும். ஆகவே, புதிய ஓட்டை முதலில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். மாற்றிய பின்னரும் பழைய அமர்வை மூடாது, வேறோர் அமர்வில் புகுந்து சோதித்தல் வேண்டும். அது செம்மையாக இயங்கிய பின்னரே பழையதை மூடுதல் தக்கது.

இடைநிற்பதைக் கருவினின்றும் பிரித்து வைத்தமையால் பயனர் அதனைக் கடனின்றி மாற்றுகிறார். தோட்டத் தொழிலாளர்க்கு அவ்வுரிமை அமைப்பிலேயே இருந்ததில்லை. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.